இயற்கையைப் பெரிய அளவில் மீட்டெடுத்தால் ஊர் வளருமா? கடலூரையும் புதுச்சேரியையும் முன்வைத்து ஒரு பதில்

கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அழிந்த காடு, ஏரி, கடற்கரை ஆகியவற்றைப் பெரிய அளவில் மீட்டெடுத்தால் வேலையும் வருமானமும் நிலையான வளர்ச்சியும் வரும் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்ப்பதெல்லாம் மரக்கன்று நடும் விழாவும் ஏரி தூர்வாரும் லாரியும்தான். இது உண்மையிலேயே வளர்ச்சிக்கு வழியா, அல்லது பேச்சுக்கு அழகான விஷயமா?”

வழிதான் என்பது என் பதில். ஆனால் “பெரிய அளவு” என்ற சொல்லை எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் கன்று என்று பொருள்கொண்டால் நீங்கள் பார்த்த விழாவும் லாரியும்தான் மிஞ்சும். மலையில் விழுந்த மழைநீர் ஆறாகி, வாய்க்காலாகி, ஏரியாகி, ஊற்றாகி, கழிமுகமாகிக் கடலைச் சேரும் வரை உள்ள தொடர் எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அதை இணைப்பதும், அந்தத் தொடரை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அதன்மேல் உரிமை இருப்பதும்தான் பெரிய அளவு என்று நான் கொள்கிறேன். இந்த இரண்டும் கூடிய இடத்தில் வளர்ச்சி தானாக வந்திருக்கிறது. ஒன்று குறைந்த இடத்தில் பணம் மட்டும் போயிருக்கிறது.

முதலில் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் பிச்சாவரத்தைப் பார்ப்போம். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் இந்த அலையாத்திக் காட்டைப் படகில் ஏறிச் சுற்றிப் பார்த்தவர்கள் பலர். அது ஒரு காலத்தில் பாதிக்கு மேல் மொட்டையாகும் நிலைக்குப் போய், பின்பு மருத்துவம் பார்த்து மீட்கப்பட்ட காடு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை விறகுக்காகவும் மரத்துக்காகவும் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானாகத் திரும்ப முளைக்கும் என்பது கணக்கு. அது முளைக்கவில்லை.

ஏன் முளைக்கவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. நிழல் போனதும் களிமண் நேரடியாக வெயில் பட்டுக் காய்ந்து சுருங்கி, தரைமட்டம் தட்டுபோல உள்வாங்கிவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புநீர், வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக, மண்ணில் உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கோடையில் அங்கே கால் வைத்தால் மண் பொருக்கு வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கடல் நீரிலேயே வளரப் பழகிய வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம்கூட அந்த உப்பைத் தாங்காது. ஆகவே அங்கே எத்தனை ஆயிரம் கன்று நட்டிருந்தாலும் அத்தனையும் செத்திருக்கும். நோய் மரத்தில் இருக்கவில்லை, நீர் போகும் வழி அடைபட்டதில் இருந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் சேர்ந்து இதைச் சரியாகக் கண்டுபிடித்து, கன்றுக்கு முன்னால் வாய்க்காலை வெட்டின. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு தலைவாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளெலும்பு போல இருக்கும். ஏற்றத்தில் நீர் இவற்றின் வழியே உள்ளே ஏறி, வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறும். நாளொன்றுக்கு இருமுறை கடலே வந்து மண்ணை அலசிவிட்டுப் போகிறது. அதற்குக் கூலி கிடையாது. உப்பு இறங்கிய பிறகே கரையோரங்களில் வெண்கண்டல் நடப்பட்டது. மொட்டைத் திடல்கள் பச்சை பிடித்தன. இந்த முறை பின்னர் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் பல கழிமுகங்களில் கையாளப்பட்டது. 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. (சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் கோயிலைச் சுற்றி இன்று காணக் கிடைப்பதில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் இந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டும். கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

இதில் வளர்ச்சி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அலையாத்தி வேர்களுக்கிடையே இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. இலை மக்கி அவற்றுக்கு இரையாகிறது. பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களும் இருளர் குடியிருப்புகளும் இந்த ஓடைகளை நம்பியே அடுப்பு மூட்டுகின்றன. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். படகும் வலையும் இல்லாதவர்களின் தொழில் அது. காடு திரும்பும்போது முதலில் கூடுவது அவர்களுடைய பறியின் எடைதான். ஆனால் அவர்கள் காட்டுக்குள் போவதே குற்றமாகப் பார்க்கப்பட்டிருந்தால் அந்த ஆதாயம் அவர்கள் கைக்கு வந்திருக்காது. அதனால்தான் அந்தத் திட்டத்தில் கிராம அளவில் மன்றங்கள் அமைத்து, வனத்துறையும் ஊர்மக்களும் கூடிக் காட்டைப் பராமரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெற்றுத் தருவதும் வலை வாங்க உதவுவதும்கூட அந்த வேலையின் பகுதிகளாயின. காடு மீட்கும் திட்டத்தில் சாதிச் சான்றிதழுக்கு என்ன வேலை என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கென்னவோ வாய்க்கால் வெட்டியதற்கு நிகரான முக்கியத்துவம் அதற்கு உண்டு என்றே படுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியைக் குறிப்பிடாமல் இந்தக் காட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலுக்கு நேர் எதிரே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு கடுமையாக அடிபட்டது. கடலூர்க் கடற்கரையிலும் பரங்கிப்பேட்டையை ஒட்டிய 18 குக்கிராமங்களிலும் நடந்த ஆய்வுகள் மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்று 2005இல் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் அதே தரவை மறுபடி அலசியவர்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தது, தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பவையே பெரிய காரணங்கள் என்று மறுத்தார்கள். இரு தரப்பையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாதாரணப் புயல் அலைக்கும் கரை அரிப்புக்கும் அலையாத்தி நல்ல அரண், சுனாமியை நிறுத்தும் மதில் என்று அதை விற்பது தவறு. காடு இருக்கிறது என்ற தைரியத்தில் யாராவது கடலோரத்தில் வீடு கட்டினால் பழி காட்டின்மேல் விழும்.

உலகத்தில் இதைவிடப் பன்மடங்கு பெரிய எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது சீனாவின் லோயஸ் பீடபூமி. மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியில், காற்றில் பறக்கும் மாவுபோன்ற மண்ணைக் கொண்ட பரப்பு அது. மேய்ச்சலாலும் சரிவில் உழுததாலும் மண் கரைந்து ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் பெயரே அந்த மண்ணின் நிறத்தால் வந்தது. 1994 முதல் 2005 வரை இரண்டு கட்டமாக உலக வங்கிக் கடனோடு அங்கே படிவயல்கள் அமைத்து, செங்குத்துச் சரிவுகளில் பயிரை நிறுத்தி மரமும் புல்லும் வளர்த்து, ஆட்டைக் கட்டிப்போட்டுத் தீவனம் வைத்தார்கள். 25 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி சொல்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, படிவயலைச் செதுக்கிய குடும்பத்துக்கே அதை நெடுங்காலம் பயிரிடும் உரிமை எழுதித் தரப்பட்டது என்பது. உரிமை கையில் இருந்தவன் ஆட்டை அவிழ்த்துவிடவில்லை. மறுபுறம், அந்தப் பீடபூமியில் பின்னர் அடர்த்தியாக மரம் நட்ட சில பகுதிகளில் மரங்களே மண்ணின் ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டன என்பதையும் சீன ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் உழவர்கள் புதிதாக எதையும் நடாமல், வயலில் வெட்டுண்டு கிடந்த அடிக்கட்டைகளிலிருந்து கிளைத்ததை உழவில் ஒதுக்கிவிட்டு வளர்த்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரைப் பசுமையாக்கினார்கள். வரப்பு வேம்பை வெட்டாமல் விடும் நம் ஊர் விவசாயிக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

இனி ஏரிகளுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பரிச்சயமானது பாகூர்ப் பக்கம் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரியையும் சாத்தனூரையும் கடந்து வந்து, சொர்ணாவூர் அணைக்கட்டில் ஒரு பங்கைப் பங்காரு வாய்க்காலுக்குத் தந்துவிட்டுக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அந்த வாய்க்கால்தான் புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரியான பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிகள் தங்கள் சொத்தைச் செலவழித்து வெட்டிய வாய்க்கால் அது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையின் மெய்ம்மை எதுவாயினும், அந்த ஏரி வாய்க்காலின் கடைசி உறுப்பு என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள். அணைக்கட்டு ஒரு மாநிலத்தில், வாய்க்காலின் மேற்பகுதி அதே மாநிலத்தில், ஏரி யூனியன் பிரதேசத்தில் என்று இன்று பிரிந்து கிடப்பதால், ஏரியை மட்டும் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வாய்க்காலில் நாணல் மண்டியிருந்தால் நீர் வராது.

“தூர்வாருதல்” பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரியின் மதகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் பாசனத்துக்கு வராது. அது நிலத்தடியில் இறங்கும், மாடு குடிக்கும், மீன் இருக்கும், தவறில்லை. ஆனால் “கொள்ளளவு இத்தனை மடங்கு கூடியது” என்று பலகை எழுதிவைத்துவிட்டுக் கடைமடைக்காரன் நிலத்துக்குத் தண்ணீர் வரவில்லையே என்று வியப்பதில் அர்த்தமில்லை. மண்ணுக்கு விலை இருக்கும் இடத்தில் தூர்வாருவது சுலபமாக நடக்கிறது. வரத்து வாய்க்காலை வெட்டுவதில் லாரிக்கு லாபம் இல்லாததால் அது நடப்பதில்லை. ஏரி மீட்பு நடக்கிறதா, மண் வியாபாரம் நடக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. முன்பு கோடையில் விவசாயிகளே வண்டல் மண்ணை மாட்டுவண்டியில் வயலுக்கு அடித்துக்கொண்டு போவார்கள். ஏரியும் ஆழமாகும், வயலும் உரம் பெறும்.

புதுச்சேரியில் 84 ஏரிகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 1999இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் கரை, மதகு, உபரிநீர் வழியும் கலிங்கு, வாய்க்கால் ஆகியவற்றைச் சீர்செய்ததோடு, ஊர்தோறும் ஏரிச் சங்கங்களையும் உருவாக்கியது. அதற்கு முன்பே ஏரிகள் ஏன் கவனிப்பாரற்றுப் போயின என்றால், ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் வந்தபின் தன் தண்ணீர் தன் நிலத்துக்கடியிலேயே கிடைத்ததால் பொதுவான ஏரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பு ஆழம் 100 அடி, 200 அடி என்று போய், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறத் தொடங்கியது. கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நகர்வதைத் தடுக்கும் எதிர் அழுத்தம் நன்னீரின் மட்டம்தான். அந்த மட்டத்தை மழைக்காலத்தில் ஊட்டிக் காப்பவை ஏரிகள். ஆகவே ஏரிப் பாசனம் இல்லாத, மோட்டார் மட்டுமே உள்ள விவசாயியும், நகரத்தில் குழாயைத் திறக்கும் குடும்பமும் ஏரியின் பயனாளிகளே. ஆனால் ஏரிச் சங்கத்தில் அவர்கள் உறுப்பினர்கள் அல்லர், அவர்களிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்பதுமில்லை. பயன் பலருக்கு, பராமரிப்பு சிலருக்கு என்ற இந்தக் கோணல்தான் சங்கங்களைச் சோர்வடையச் செய்கிறது.

அளவைப் பற்றிய கணக்கு ஒன்று. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிடப்பட்டு, பாகூர்ப் பக்கத்து ஊர்களும் கடலூரும் தென்பெண்ணையில் மூழ்கின. உங்கள் மாவட்டத்திலேயே பெரிய ஏரியான வீராணத்தின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 1.46 டிஎம்சி, அதாவது 146 கோடி கன அடி. அந்த வேகத்தில் வந்த நீர் வீராணம் போன்ற ஏரியை இரண்டரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். ஆக, ஒரு ஏரியையோ பத்து ஏரிகளையோ மீட்டு இப்படிப்பட்ட வெள்ளத்தை நிறுத்த முடியாது. மேலே தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வரையுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளும் ஆற்றுப் படுகையும் சேர்ந்து சீரானால் வெள்ளத்தின் உச்சி தணியும். வெள்ளம் இல்லாமல் போகாது. மீட்பின் மெய்யான பயன் அபூர்வமான ஆண்டில் அல்ல, இரண்டு போகம் விளையுமா ஒரு போகமா என்று ஊசலாடும் சாதாரண ஆண்டுகளில் தெரியும்.

காட்டைப் பற்றிப் பேசும்போது ஆரோவில்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1968இல் அது தொடங்கியபோது புதுச்சேரிக்கு வடக்கே இருந்த அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் ஓடைகளைக் குடைந்துகொண்டு கடலைச் சிவப்பாக்கும். அவர்கள் முதலில் செய்ததும் மரம் நடுவதல்ல, வரப்புப் போட்டு நீரை நிறுத்தியது. பிறகு ஆஸ்திரேலிய அகேசியாவைக் கொண்டு நிழல் உண்டாக்கி, அதனடியில் இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்தார்கள். அந்த மரங்களின் விதை எங்கே கிடைத்தது? கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போல, சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்ட துண்டுத் துண்டான தோப்புகளே அதற்கு மூலம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது, வேர் ஆழமில்லாத அகேசியாக்கள் வரிசையாகச் சாய்ந்தன. மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன. அதே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அழிந்து, ஒரு தலைமுறை வருமானம் ஒரே காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே மரத்தை நம்புவதன் விலை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

நான் ஒருமுறை போயிருந்த நடவு நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஊரையும் நடத்தியவர்களையும் சொல்லப்போவதில்லை. கழிமுகத்தில் நீர் எப்போதும் நிற்கும் தாழ்ந்த சேற்றில் அலையாத்திக் கன்றுகளை வரிசையாக ஊன்றினார்கள். பக்கத்தில் நின்ற வயதான மீனவர், “இங்க எப்பவுமே எதுவும் முளைச்சதில்லையே தம்பி” என்று மெதுவாகச் சொன்னார். புகைப்படம் எடுத்தாயிற்று. பங்குனியில் போய்ப் பார்த்தபோது மூங்கில் குச்சிகள் மட்டும் நின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளைச் சூழலமைப்பு மீட்புக்கென்று அறிவித்திருக்கிறது. இந்தியா 2030க்குள் 2.6 கோடி ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை மீட்பதாக உறுதி தந்திருக்கிறது. இலக்கு நல்லதுதான். ஆனால் நட்டதை எண்ணுகிற கணக்கில் அந்த மூங்கில் குச்சிகளும் ஏதோவொரு ஹெக்டேராகச் சேர்ந்திருக்கும்.

கடற்கரை இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நம் கரையில் மணல் ஆண்டின் நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புகள் கட்டியதும் மணல் தெற்கே தேங்கி, நகரத்துக் கடற்கரை கரைந்து, கல் கொட்டிய சுவர்தான் மிஞ்சியது. அரிப்பு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை ஊர் ஊராக நகர்ந்தது. கட்டுமரம் இழுத்து வைக்க இடமில்லாத மீனவ ஊர் என்ன ஊர்? பின்னர் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பை அமைக்க, மணல் மீண்டும் சேர்ந்தது. மாலையில் அங்கே கூடும் கூட்டமும் சுண்டல் விற்பவரின் வியாபாரமும் அந்த மணலின் மேல்தான் நடக்கிறது. ஆனால் கரைக்கு மணல் தருவது ஆறு. ஆற்று மணலை மேலே அள்ளிக்கொண்டே கீழே கடற்கரையை மீட்க முடியாது. தொடர் என்று நான் முதலில் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டீர்கள். வாய்க்கால் வெட்டுதல், நாற்றங்கால் ஆகியவை தரும் கூலி உண்மையானது, ஆனால் அது சில மாதக் கூலி. நிலையான வருமானம் இறால், மீன், இரண்டாம் போகம், குறையும் மோட்டார்ச் செலவு, படகுச் சவாரி ஆகியவற்றில் சிதறி, ஐந்து பத்து ஆண்டுகளில் வரும். அதனால் எந்த ஒப்பந்தக்காரருக்கும் அது கண்ணில் படாது. பிச்சாவரத்து முள்ளெலும்பு வாய்க்கால்களிலும் வண்டல் படியும். அவற்றை அவ்வப்போது வாராவிட்டால் பழைய கதைதான். திட்டத்துக்குப் பணம் கிடைக்கிறது, பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. வீராணத்து நீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. அதைக் குடிக்கும் நகரம் வீராணத்தின் வரத்து வாய்க்கால்களைப் பேணுவதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை உள்ளூர்ப் பாசனதாரர் சங்கங்களுக்கு நேரடியாகத் தரலாம் என்பது என் சொந்தக் கருத்து.

நீங்கள் மாணவர் என்பதால், உங்கள் ஊரில் நடப்பது மீட்பா விழாவா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் குடையோடு கிளம்பி, ஏரியிலிருந்து தொடங்காமல், அதற்கு நீர் வரும் வாய்க்காலின் தலைப்பிலிருந்து நடந்து வாருங்கள். எந்த இடத்தில் நீர் திசைமாறி வயலிலோ மனைப்பிரிவிலோ சாலையிலோ பாய்கிறது, எந்தக் குழாய்ப் பாலத்தின் அடியில் அடைபட்டு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைமடையில் நிலம் வைத்திருப்பவரைத் தேடிப்போய், கடைசியாக எந்த ஆண்டு ஏரித் தண்ணீர் அவர் வரப்பைத் தொட்டது என்று கேளுங்கள். அந்த ஆண்டையும், ஏரிக்கரையில் நட்டிருக்கும் திட்டப் பலகையில் எழுதியுள்ள ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.